பழைய முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பது: வேண்டுதல், முடிச்சு, உரு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மா 2018 தை மாதம் இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, சேலைகளுக்கு அடியில் ஒன்பது மஞ்சள் முடிச்சுகள் இருந்தன. எந்தச் சாமிக்கு எதை வேண்டி முடிந்தது என்று எதிலும் எழுதவில்லை. அந்த ஒன்பதையும் அதனதன் இடத்தில் சேர்க்க அலைந்ததில்தான் இந்த விஷயம் எனக்குள் ஆழமாக இறங்கியது. அதன்பிறகு மதுரைச் செல்லூரிலும் அக்கம்பக்கத்திலும் என்னிடம் பலர் வந்து கேட்டுவிட்டார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் பூசாரியும் இல்லை, குறி சொல்பவளும் இல்லை. வீட்டில் விளக்கேற்றி, முடிச்சுப் போட்டு, உரு ஏற்றி (ஒரே மந்திரத்தைத் திரும்பத் திரும்ப எண்ணிச் சொல்லி) வருகிற ஒருத்தி, அவ்வளவுதான்.

பழைய வேண்டுதலைத் திரும்பப் பார்ப்பது என்றால் என்ன? வேண்டினோம், விட்டோம் என்று இருக்கக் கூடாதா?

மஞ்சள் நனைத்த துணியில் பதினோரு ரூபாயை வைத்து, மனதில் ஒன்றை நினைத்து முடிச்சுப் போடுகிறோம். அந்த நினைப்புக்கு ஒரு முகம் உண்டு. அன்றைக்கு இருந்த பயம், ஆசை, கோபம் எல்லாம் அதில் இருக்கிறது. பத்து வருடம் கழித்து நாம் அதே ஆள் இல்லை. முடிச்சு மட்டும் அப்படியே கிடக்கிறது. அதை எடுத்து, நினைத்தது நடந்ததா, சொன்னபடி செலுத்தினோமா, இன்னும் அது வேண்டுமா என்று மூன்றையும் கேட்டுக்கொள்வதைத்தான் திரும்பப் பார்ப்பது என்கிறேன்.

விட்டுவிட்டால் என்ன ஆகும் என்றால், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அது மனதின் ஓரத்தில் கிடந்து உறுத்தும். புதிதாக ஒன்றை வேண்டப் போகும்போது, 'போன தடவை சொன்னதையே செய்யலையே' என்று நாக்கு தயங்கும். அந்தத் தயக்கம்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

எந்த நாளில் பார்ப்பது நல்லது?

நான் சித்ரா பௌர்ணமி அன்று பார்க்கிறேன். மதுரைக்காரர்களுக்கு அது அழகர் ஆற்றில் இறங்குகிற நாள். அதே பௌர்ணமி சித்திரகுப்தனுக்கும் உரியது. மனிதர் செய்வதை எல்லாம் ஏட்டில் எழுதிக் கணக்கு வைப்பவர் அவர். பல வீடுகளில் அன்று ஏடும் எழுத்தாணியும் வரைந்து கும்பிடுவார்கள். கணக்கு பார்க்க அதைவிடப் பொருத்தமான நாள் எனக்குத் தெரியவில்லை. ஆற்றங்கரையிலிருந்து வீடு திரும்பி, குளித்து, சாயந்திரம் விளக்கேற்றிய பிறகு பெட்டியைத் திறப்பேன். ஒரு மணி நேரம் ஆகும்.

உங்கள் குலதெய்வக் கோவில் களரி என்கிற திருவிழா நாளோ, மாசி மாதக் கும்பிடான மாசிப் பச்சையோ தோதுப்பட்டால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒரு நாள் என்று இருந்தால் போதும். மாதாமாதம் எடுத்துப் பார்த்தால் அது வேண்டுதலாக இருக்காது, அரிப்பாகிவிடும்.

நோட்டு போட்டு எழுத வேண்டுமா, அக்கா? சாமி காரியத்தை எழுதி வைக்கலாமா?

தாராளமாக எழுதலாம். எழுதாததால்தான் நான் என் அம்மாவின் முடிச்சுகளோடு மூன்று வருடம் அலைந்தேன்.

நாள், அன்றைய திதி, எந்தச் சாமி, யாருக்காக, என்ன நடந்தால் என்ன செலுத்துவதாகச் சொன்னோம், இவ்வளவும் போதும். முக்கியமானது, சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுவது. 'தம்பிக்கு வேலை கிடைக்கணும்' என்று வேண்டியிருப்போம். நான்கு வருடம் கழித்து, 'அரசாங்க வேலை கேட்டேன், கிடைக்கலையே' என்று நாமே மாற்றி நினைத்துக்கொள்வோம். அவன் ஒரு கம்பெனியில் சேர்ந்து நன்றாக இருப்பான். கேட்டது கிடைத்தாயிற்று, நமக்குத்தான் நினைவு மாறிப்போயிற்று. எனக்கு இப்படி நடந்திருக்கிறது. நோட்டில் என் கையெழுத்திலேயே 'ஒரு நல்ல வேலை' என்று இருந்ததைப் பார்த்து அன்றே கிளம்பிப் போய் மாலை சாத்திவிட்டு வந்தேன்.

முடிச்சுக்குள்ளேயே ஒரு துண்டுச் சீட்டை மடித்து வைப்பதும் நல்லது. பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மஞ்சள் ஈரத்தில் கலைந்துவிடும்.

இறந்துபோன பெரியவர்கள் முடிந்து வைத்தது கிடைத்திருக்கிறது. யாருக்கு என்று தெரியவில்லை. என்ன செய்வது?

முதலில் அவசரப்பட்டு உண்டியலில் கொட்டாதீர்கள். உள்ளே இருப்பதைப் பாருங்கள். நாணயத்தில் அச்சடித்த வருடம் இருக்கும். இருப்பதிலேயே புதிய காசின் வருடம் எதுவோ, முடிச்சு அந்த வருடத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது. அம்மாவின் ஒரு முடிச்சில் 1996ஆம் வருடக் காசு இருந்தது. அப்பாவிடம் காட்டினேன். 'தொண்ணூத்தாறு, தொண்ணூத்தேழுல உனக்கு மஞ்சக்காமாலை வந்துச்சு, பாண்டி கோவிலுக்கு முடிஞ்சிருப்பா' என்றார். அந்தக் கோவில் இருக்கிற மேலமடைக்குப் போய்ச் செலுத்தினோம். இன்னொன்றில் காசோடு கொஞ்சம் நெல் இருந்தது. அழகர்கோவிலுக்கு விளைச்சலில் முதல் தானியத்தைக் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கத்துச் சம்சாரிகளிடம், அதாவது விவசாயிகளிடம், உண்டு. அந்த தானியத்தில்தான் அங்கே பிரசாதத் தோசை சுடுவது. அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கு மேலூர்ப் பக்கம் வயல் இருந்தது. கேட்காமலே புரிந்துவிட்டது.

துணியின் நிறத்தையும் பாருங்கள். கருப்பு நூல் சுற்றியிருந்தால் கருப்பசாமி, முனி போன்ற காவல் தெய்வமாக இருக்க வாய்ப்பு அதிகம். கூடவே வேப்பிலைக் காம்பு இருந்தால் மாரியம்மன். திருநீற்றுப் பொட்டலம் எந்தக் கோவில் பெயரோடு இருக்கிறது என்று பாருங்கள்.

எதுவும் தெரியாவிட்டால் குலதெய்வத்திடம் சேர்ப்பதுதான் எங்கள் வழக்கம். 'யாருக்குப் போகணுமோ அங்க சேத்துரு' என்று சொல்லிப் போட்டுவிட வேண்டியது. ஆனால் உயிரோடு இருக்கிற சொந்தங்கள் எல்லோரிடமும் கேட்ட பிறகு அதைச் செய்யுங்கள்.

முடிச்சில் இருந்த காசு இப்போது செல்லாது. அதையே உண்டியலில் போடலாமா?

25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30ஓடு செல்லாமல் போயின. பழைய 500, 1000 ரூபாய்த் தாள்கள் 2016 நவம்பர் 8 இரவோடு போயின. அம்மா ஒரு முடிச்சில் பழைய 500 ரூபாய்த் தாள் ஒன்றை வைத்திருந்தார். அவருக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று எனக்குத் தெரியும்.

நான் செய்தது இதுதான். செல்லாத காசின் மதிப்புக்கு இன்றைய காசை எடுத்து, பழையதோடு ஒரு நிமிடம் சேர்த்து வைத்துக் கும்பிட்டு, புதியதை உண்டியலில் போட்டேன். பழையதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். செல்லாத காசை உண்டியலில் போட்டால் எண்ணுகிறவர்களுக்குத்தான் சங்கடம், சாமிக்கும் போய்ச் சேராது. பழைய 500, 1000 தாள்களைப் பத்துக்கு மேல் வைத்திருப்பது 2017 சட்டப்படி தண்டனைக்கு உரியது என்பதையும் நினைவில் வையுங்கள். 2000 ரூபாய்த் தாளின் கதை வேறு. 2023 மே மாதம் அதைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. பக்கத்துக் கிளை வங்கியில் வாங்க மாட்டார்கள் என்றாலும், சென்னையில் உள்ள ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பிக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம்.

நினைத்தது நடந்துவிட்டது, நான் செலுத்தாமல் பல வருடம் ஓடிவிட்டது. சாமி குத்தமாகுமா?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் முகத்தில் இருக்கிற பயம் எனக்குப் பொறுக்காது. எனக்கும் ஒருவர் அந்தப் பயத்தைக் காட்டியிருக்கிறார். 'உங்கம்மா விட்டுப் போன நேர்த்திக்கடன்தான் உன்னைப் பிடித்திருக்கு' என்று சொல்லி, பரிகாரத்துக்குப் பதினெட்டாயிரம் கேட்டார். அம்மா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. நல்லவேளை, அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

நேர்த்திக்கடன் என்பது உங்களுக்கும் சாமிக்கும் நடுவில் உள்ள பேச்சு. நடுவில் இன்னொருவர் வந்து வட்டி போட அதில் இடமே இல்லை. சொன்னதை இப்போது செய்யுங்கள். அதிகமாகவும் செய்ய வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். 101 ரூபாய் என்று சொன்னால் 101 ரூபாய். 'தாமதமாயிருச்சு, மன்னிச்சுக்க' என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். வாய்விட்டுச் சொல்வதில் ஒரு பாரம் இறங்கும், செய்து பாருங்கள்.

கேட்டது நடக்கவே இல்லை. முடிச்சை அவிழ்த்துவிடலாமா?

அவிழ்க்கலாம். நடந்தால் செலுத்துவதாகத்தானே சொன்னோம். காலக்கெடு வைத்திருந்து அது தாண்டிவிட்டால் அந்தக் காசு உங்களுடையது. அதை வைத்துப் புதிதாக ஒன்றை வேண்டலாம், இல்லை யாருக்காவது சாப்பாடு வாங்கிக் கொடுக்கலாம்.

பிள்ளை வரம் கேட்டு மரத்தில் தொட்டில் கட்டிய ஒரு தங்கை, ஒன்பது வருடம் கழித்து என்னிடம் வந்தாள். அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. தொட்டில் இன்னும் அங்கேயே தொங்குவதாக நினைத்து நினைத்து அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. இரண்டு பேரும் போனோம். ஒன்பது வருடத்தில் அந்த மரத்தில் எத்தனையோ தொட்டில்கள் வந்து போயிருக்கும், அவளுடையது எங்கே இருக்கப் போகிறது? ஆனாலும் மரத்தடியில் உட்கார்ந்து, 'இத்தோட போதும்மா' என்று சொல்லிவிட்டு எழுந்தாள். கையில் இருந்த வளையலைக் கழற்றி அம்மன் காலடியில் வைத்தாள். நான் எதுவும் பேசவில்லை.

யாருக்காக வேண்டினோமோ அவர் இறந்துவிட்டார். மீதி நேர்த்திக்கடனைச் செலுத்த வேண்டுமா?

இதற்கு என் சொந்தக் கதையைத்தான் சொல்ல முடியும். 2018 கடைசியில் அப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்து வந்தால் மூன்று வருடம் எதிர்சேவையில் சர்க்கரைச் சொம்பு ஏந்துவதாக அழகருக்கு வேண்டினேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஆற்றில் இறங்குவதற்கு முதல் நாள் அழகர் மதுரைக்குள் வருவார். சொம்பில் சர்க்கரை நிரப்பி, வாழையிலையால் மூடி, அதன் மேல் சூடம் ஏற்றி அவரை எதிர்கொண்டு கும்பிடுவோம்.

அப்பா பிழைத்தார். 2019 சித்திரையில் தல்லாகுளத்தில் சொம்பு ஏந்தினேன். அப்பா பிளாட்பாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். 2020இல் கொரோனா. அழகர் மலையை விட்டு இறங்கவே இல்லை. 2021லும் அப்படித்தான். அந்த வருடம் ஆடியில் அப்பா போய்விட்டார்.

மீதி இரண்டு வருடம் என்ன செய்வது? 'அவரே இல்லை, எதுக்கு?' என்று தம்பி கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. ஆனால் நான் கேட்டது, ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வரட்டும் என்பது. வந்தார். இரண்டரை வருடம் எங்களோடு இருந்தார். அதற்கு உண்டான கடன் அப்படியே இருந்தது. 2022இல் கூட்டம் மீண்டும் கூடியபோது போய் ஏந்தினேன். 2023இல் மூன்றாவது. சூடம் கையில் சுட்டது, கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி என் சொம்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

கிடாய் வெட்டுவதாகத் தாத்தா வேண்டியிருந்தார். எங்களுக்கு இப்போது அதில் மனதில்லை. மாற்றலாமா?

வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டியது இது. உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003இல் அரசு கடுமையாக அமல்படுத்தியது. அந்த மாதங்களில் எங்கள் தெருவிலேயே நேர்ந்து விட்ட கிடாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தவர்கள் உண்டு. 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. இடைப்பட்ட நாட்களில் சிலர் பொங்கல் வைத்து முடித்துக்கொண்டார்கள், சிலர் காத்திருந்தார்கள். ஆக, மாற்றுவது நம் ஊருக்குப் புதிது இல்லை.

மாற்றுவதற்கு முன் கேட்டுக்கொள்ள ஒரு வழி பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, சாமி முன் குலுக்கிப் போட்டு, சின்னக் குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எந்த நிறம் வந்தால் என்ன பொருள் என்று முதலிலேயே மனதில் முடிவு செய்துவிட வேண்டும். ஒரு தடவைதான் பார்க்க வேண்டும். நமக்குப் பிடித்த பூ வரும்வரை போட்டுக்கொண்டே இருந்தால் அது கேட்பது ஆகாது.

முட்டி போன பிறகு தீச்சட்டி எடுக்க முடியாதவர்களுக்கும் இதே வழிதான். பிள்ளையோ பேரனோ அவர்களுக்காக எடுக்கலாம்.

பத்தொன்பது வயதில் ஒருவர் மனதை என் பக்கம் திருப்பச் சொல்லி வேண்டினேன். அந்தக் கட்டு இன்னும் இருக்கிறதா?

அந்த முடிச்சு கையில் இருந்தால் இன்றே அவிழ்த்துவிடுங்கள். ஒருவர் மனதைக் கட்டச் சொல்லி வேண்டுவது, நேர்த்திக்கடனில் என் மனம் ஒப்பாத ஒரே வகை. உங்களைக் குறை சொல்லவில்லை, பத்தொன்பது வயதில் நானும் ஒரு பெயரைக் காகிதத்தில் எழுதி மஞ்சள் தடவியிருக்கிறேன். அவிழ்க்கும்போது அவர் பெயரைச் சொல்லி, 'நல்லா இருக்கட்டும்' என்று சொல்லிவிடுங்கள். காகிதம் இருந்தால் விளக்கில் காட்டி எரித்து, சாம்பலைச் செடிக்குப் போடலாம்.

கோபத்தில் மடப்புரத்தில் காசு வெட்டிப் போட்டேன். பிறகு அவர் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார். இப்போது?

தெரியாதவர்களுக்கு: திருப்புவனம் பக்கத்தில் மடப்புரம் பத்ரகாளி கோவில் இருக்கிறது. ஏமாற்றப்பட்டவர்கள், திருட்டுக் கொடுத்தவர்கள் அங்கே போய்க் காசை இரண்டாக வெட்டிப் போட்டு முறையிடுவார்கள். நியாயம் கிடைக்காத ஏழைக்கு அதைவிட்டால் வேறு படி இல்லை என்பதால் அந்த வழக்கத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் வழக்கு தீர்ந்த பிறகும் மனுவைத் திரும்ப வாங்காமல் இருப்பது நியாயமில்லை. அதே காளி முன் போய், பணம் வந்துவிட்டது, இனி அவர்மேல் எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி, எலுமிச்சை மாலை சாத்திவிட்டு வாருங்கள். முடிந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். அவருக்குத் தெரியாது என்றால் தெரிய வேண்டியதும் இல்லை. பணம் பாதிதான் வந்திருக்கிறது என்றால், பாதி வந்தது என்று சொல்லுங்கள்.

ஒரு மண்டலம் உரு ஏற்றத் தொடங்கி முப்பதாம் நாள் விட்டுப்போனது. முதலிலிருந்தா?

48 நாளும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், விட்டால் ஒன்றிலிருந்துதான் என்பவர்கள் உண்டு. உபதேசம் கொடுத்த குரு இருந்தால் அவர் சொல்வதே முடிவு. நீங்களாகவே எடுத்துக்கொண்டது என்றால், ஏன் விட்டது என்று பாருங்கள். மாதவிலக்கு, காய்ச்சல், வீட்டில் சாவு இதெல்லாம் நிறுத்திவிட்டுத் தொடரலாம். அம்மா அப்படித்தான் செய்வார். சலித்துப்போய் விட்டிருந்தால், எதற்காகத் தொடங்கினோம் என்று நோட்டை எடுத்துப் படியுங்கள். அந்தக் காரணம் இன்னும் உங்களைத் தொட்டால் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். தொடாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பழைய தகடு, தாயத்து, முடிச்சுத் துணியை எல்லாம் வைகையில் விடலாமா?

வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் விடச் சொன்ன காலத்தில் ஆறு ஓடியது. இப்போது வைகையில் தண்ணீர் ஓடாத மாதங்களே அதிகம். போட்டது போட்ட இடத்தில் குப்பையாகக் கிடக்கும். பருத்தித் துணியையும் நூலையும் கால் படாத இடத்தில் மண்ணில் புதைக்கலாம். செம்புத் தகட்டைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, கோவிலில் வாங்குவார்கள் என்றால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் பழைய பாத்திரக் கடையில் போட்டு வருகிற காசை உண்டியலில் சேர்க்கலாம். மரத்தில் கயிறு கட்டியிருந்தால் போகும்போது தளர்த்திவிட்டு வாருங்கள், கிளையை இறுக்கி அறுக்கும்.

உங்கள் அம்மாவின் ஒன்பது முடிச்சும் போய்ச் சேர்ந்துவிட்டனவா?

எட்டு சேர்ந்துவிட்டன. ஒன்பதாவது என்னிடமே இருக்கிறது. அதில் பதினோரு கால் ரூபாய்க் காசுகள், இருப்பதிலேயே புதியது 1984. கூடவே பிறந்த குழந்தைக்குப் போடுகிற கருவளையல் ஒன்று. நான் பிறந்தது 1987. எனக்கு மூத்தது யாரும் இல்லை என்றுதான் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். அப்பாவிடம் காட்டியபோது கையில் வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

என் பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, மும்பையில் தன் மகன் வீட்டோடு இருக்கிறார். கண் சரியாகத் தெரிவதில்லை, போனில் பேச்சும் கேட்பதில்லை. வருகிற சித்திரைத் திருவிழாவுக்கு அவர் மகன், எனக்கு அண்ணன் முறை, அவரை மதுரைக்குக் கூட்டி வருகிறார். பௌர்ணமி அன்று சாயந்திரம் விளக்கேற்றியதும் வளையலைப் பெரியம்மா கையில் கொடுப்பேன். தொட்டுப் பார்த்தால் அவருக்குத் தெரியும்.